மூன்றுக்கும் ஒரே பதில்

அலுவலகத்தில் அவனை எல்லோரும் வசனம் என்றுதான் கூப்பிட்டார்கள். அம்மா அப்பா வைத்த பெயர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் இருந்தது. அதை வாசலில் இருந்த இயந்திரம் மட்டும்தான் படித்தது. நாற்பத்திரண்டு வயது, முன்வழுக்கை, வருஷம் முழுக்கச் சாம்பல் நிறச் சட்டை. பார்த்தால் ஏதோ அலுவலகத்தில் படிவம் சரிபார்க்கிறவர் என்று தோன்றும். அவன் செய்தது அதைவிடக் கொஞ்சம் கூச்சப்பட வேண்டிய வேலை. வீடியோ கேம்களுக்குப் பேச்சு எழுதினான்.

சுட்டுத் தள்ளுகிற கேம் இல்லை. ஆடுகிறவரே கதைக்குள் ஒரு ஆளாக இறங்கி, ஊர் ஊராக நடந்து, எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் பேசி, தன் கதையைத் தானே நடத்திக்கொள்ளும் விளையாட்டு. நடத்திக்கொள்வதாக நம்பும் விளையாட்டு என்று சொல்வதுதான் நியாயம். வழியில் ஒருவன் ஏதாவது கேட்பான். திரையின் அடியில் மூன்று வாக்கியங்கள் வரும். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொல்ல வேண்டும். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 'உங்கள் கதை, உங்கள் முடிவு' என்று அச்சடித்திருப்பார்கள். அதை எழுதியதும் இவன்தான்.

உள்ளே சங்கதி வேறு. மூன்று வாக்கியத்துக்கும் மூன்று வழி போட்டால், மூன்றுக்கும் படம் வரைய வேண்டும், குரல் கொடுக்க ஆள் பிடிக்க வேண்டும். அந்த மூன்றும் மறுபடி மும்மூன்றாகப் பிரியும். நாலாவது கேள்வி வருவதற்குள் கட்டடத்தில் இருக்கிற அத்தனை பேரும் படுத்துவிடுவார்கள். அதனால் ஆடுகிறவர் எதைச் சொன்னாலும் எதிரே நிற்பவன் ஒரே பதிலைத்தான் சொல்வான். அந்தப் பதில் மூன்றுக்கும் பொருந்த வேண்டும். கேட்டவருக்குத் தன்னிடம்தான் பேசினான் என்று இருக்க வேண்டும். இந்த வித்தையில் வசனத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அவனுடைய சாதனை ஒரு தோணிக்காரன். ஆற்றங்கரையில் நிற்பான், "அக்கரைக்குப் போகணுமா?" என்று கேட்பான். நீங்கள் கெஞ்சலாம்: 'தயவுசெய்து என்னை அக்கரையில் விடுங்கள்.' சந்தேகப்படலாம்: 'உன்னை எப்படி நம்புவது?' ஒதுங்கிக்கொள்ளலாம்: 'எல்லாம் உன் இஷ்டம்.' மூன்றில் எதைச் சொன்னாலும் தோணிக்காரன் ஒரு பெருமூச்சு விட்டு, தண்ணீரைப் பார்த்து, "ஆறு யாரைக் கேட்டுக்கிட்டு ஓடுது? ஏறுங்க" என்பான். இந்த ஒரு வரிக்காக அந்த வருஷம் வசனத்துக்கு அலுவலகத்தில் ஒரு கண்ணாடிக் கோப்பை கொடுத்தார்கள். வீட்டு மேசையில் இருக்கும் அதில் இப்போது பேனாக்கள் இருக்கின்றன.

இந்தத் திறமை ஒரே நாளில் வந்ததில்லை. சின்ன வயதில் அம்மா தினமும், "குளிச்சிட்டுச் சாப்பிடறியா, சாப்பிட்டுட்டுக் குளிக்கிறியா?" என்று கேட்பாள். பெரிய மனுஷன் மாதிரி யோசித்து முடிவெடுப்பான். குளிக்காமல் இருக்கும் வழி அதில் இல்லை என்பதைக் கண்டுபிடிக்க அவனுக்கு ஒன்பது வயது ஆனது. அதே வயதில் அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டுவிட்டு, "நீயே சொல்லுடா, யார் பக்கம் நியாயம்?" என்று அவனை நடுவில் நிறுத்தினார்கள். "பாவம், ரெண்டு பேரும் ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க" என்றான். இருவரும் தனித்தனியாகக் கூப்பிட்டு மிட்டாய் கொடுத்தார்கள். அன்றைக்கே அவன் தலையெழுத்து முடிவாகிவிட்டது. படித்து முடித்ததும் தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்ற கம்பெனி ஒன்றில், புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதினான். 'உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்' என்று ஆறு வருஷம் எழுதினான். ஒரு கருத்துகூட அவனுக்கு ஞாபகம் இல்லை. இந்த ஆளும் இதை எழுதுகிற ஆளும் ஒருவர்தானா என்று நீங்கள் கேட்டால், அதற்கும் ஒரு பதில் உண்டு: நீங்கள் கேட்பதும் யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

கல்யாணமும் இப்படித்தான் நடந்தது. படியில் விழுந்து முன்பல் ஒன்று பாதியாக உடைந்து, பல் மருத்துவரிடம் போய் உட்கார்ந்திருந்தான். நிறம் பார்க்க, பல் செய்யும் கூடத்திலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்தார்கள். நகத்தில் மாவுக்கட்டுத் தூள். கையில் வரிசையாகப் பொய்ப்பற்கள் கோத்த அட்டை. அதில் இரண்டை அவன் உதட்டருகே பிடித்து, "இந்த வெள்ளையா, அந்த வெள்ளையா?" என்று கேட்டாள். "எது பொருத்தமோ அது" என்றான். அவளே தேர்ந்தெடுத்தாள். இன்றுவரை அந்தப் பல்லில் ஒரு குறை இல்லை. எட்டு மாதம் பழகிய பிறகு ஒரு பேருந்து நிறுத்தத்தில், "நாம கல்யாணம் பண்ணிக்கலாம்னு நினைக்கிறேன். நீ என்ன சொல்றே?" என்று கேட்டவளும் அவள்தான். அவன் உள்ளே குதியாட்டம் போட்டுக்கொண்டு, வெளியே, "நீ யோசிக்காம எதையும் செய்ய மாட்டே" என்றான். அவள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாள்.

பதினோரு வருஷம் நன்றாகத்தான் ஓடியது. வீட்டில் இருவர். மாடியில் இரண்டு அறை. கீழே வீட்டுக்காரர். அவள் காலையில் கிளம்பி, யார் யாருடையதோ வாய்களின் அச்சில் மெழுகு வைத்து, ஒவ்வொரு பல்லாகச் செதுக்கிவிட்டு மாலையில் வருவாள். ஒரு பல் மயிரிழை உயர்ந்துவிட்டாலும் அந்த ஆளால் சோறு மெல்ல முடியாது என்பாள். அவள் செய்யும் பொய்ப்பல்லாவது கடிக்கும், நம்முடையது வெறும் பொய் என்று இவன் தனக்குள் சிரித்துக்கொள்வான்.

பதினோராவது வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. எழுத்துப் பிரிவின் தலைவியை எல்லோரும் அக்கா என்பார்கள். அக்கா அதை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படித்தாள்.

'ஐயா, நான் ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர். முப்பத்தாறு வருஷம் ஓட்டினேன். ரயில் எங்கே திரும்ப வேண்டும் என்று ஓட்டுகிறவன் முடிவு செய்வதில்லை. வேறு எவனோ ஒரு அறையில் உட்கார்ந்து நெம்புகோலை இழுப்பான். இனிமேலாவது என் இஷ்டத்துக்குத் திரும்பலாம் என்று உங்கள் விளையாட்டை வாங்கினேன். தோணிக்காரனிடம் ஒரு தரம் கெஞ்சினேன். ஒரு தரம் சந்தேகப்பட்டேன். ஒரு தரம் உன் இஷ்டம் என்றேன். மூன்று தரமும் ஏறுங்க என்கிறான். தண்டவாளம் எனக்குத் தெரியாதா?'

அறையில் சிரிப்பு எழுந்தது. வசனமும் சிரித்தான், காது மட்டும் சிவந்துவிட்டது.

"கதை முழுக்க நாப்பது இடத்துல கேக்குறோம்" என்றாள் அக்கா. "நாப்பதையும் நிஜமாக்க முடியாது. அடுத்த பதிப்புல ஒரே ஒரு இடம் நிஜமா இருக்கட்டும். எதைச் சொன்னா என்ன ஆகும்னு நிஜமாவே மாறணும். எந்த இடம்னு நீ சொல்லு. அடுத்த வெள்ளிக்குள்ள."

"நீங்க பாத்துச் சொன்னா சரியா இருக்கும் அக்கா."

"இந்தத் தோணிக்காரன் வேலையை என்கிட்டக் காட்டாதே."

அந்தக் கடிதத்தின் நகலை வீட்டுக்குக் கொண்டுவந்து, சனிக்கிழமை முழுக்கப் புலம்பினான். ரயில் ஓட்டின ஆளுக்குக் கதையைப் பற்றி என்ன தெரியும்? நாற்பதில் ஒன்றை எப்படிப் பொறுக்குவது? ஞாயிற்றுக்கிழமை காலை மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "அப்படி என்னதான் இருக்கு அதுல, காட்டு" என்று கணினியின் முன்னால் உட்கார்ந்தாள். அவன் எழுதிய எதையும் அவள் அதுவரை ஆடிப் பார்த்ததில்லை.

அவள் ஆடிய விதமே வேறு. மற்றவர்கள் எதையாவது அழுத்திவிட்டு ஓடுவார்கள். அவள் இருபத்தெட்டுப் பல்லை ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கிறவள். முதல் வாக்கியத்தைச் சொன்னாள், பதிலைக் கேட்டாள், பழைய இடத்துக்குத் திரும்பினாள், இரண்டாவதைச் சொன்னாள். மூன்றாவதும் முடிந்ததும் திரும்பிப் பார்த்தாள்.

"மூணுக்கும் ஒரே பதிலா?"

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி ஏதாவது மழுப்பியிருப்பான். வசனமும் வாழ்நாள் முழுக்க மழுப்பியவன்தான். ஆனால் பெண்டாட்டி தன் தொழிலைப் பற்றிக் கேட்டதே முதல் தடவை. பெருமை பிடித்துத் தள்ளியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வித்தையை முழுக்க அவிழ்த்துக் கொட்டினான்.

"அது அவ்வளவு சுலபமில்ல, தெரியுமா? ஆமான்னும் சொல்லக் கூடாது, இல்லன்னும் சொல்லக் கூடாது. முதல்ல ஒரு பெருமூச்சு. அது எதுக்கும் பொருந்தும். அப்புறம் எதிராளியைப் பத்தியே ஏதாவது நல்லதா ஒண்ணு. இல்லன்னா ஆறு, காத்து, காலம்னு பெருசா ஒண்ணு. கேட்டவனுக்கு நாமதான் முடிவெடுத்தோம்னு இருக்கணும். ஆனா நமக்கு ஒரு பொறுப்பும் வரக் கூடாது."

"நல்லா இருக்கே" என்றாள் அவள். "எல்லார்கிட்டயும் செல்லுமா?"

"கிட்டத்தட்ட எல்லார்கிட்டயும்."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை அன்றைக்கு அவன் செய்துகாட்டினான். அது அவனுக்கு அப்போது தெரியவில்லை. அவள் எழுந்து போன பிறகும் கொஞ்ச நேரம் தன் தோணிக்காரனை ரசித்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை மாலை அவள் வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் நின்றாள். முகம் மினுங்கியது. ஆறு மணி நேர ரயில் பயணத்தில் இருக்கும் வேறொரு ஊரில் புதிதாகப் பல் செய்யும் கூடம் திறக்கிறார்களாம். அதற்குத் தலைமை அவளாம். எட்டுப் பேர் அவளுக்குக் கீழே. இரண்டு வருஷம். சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"நீ என்ன சொல்றே?" என்றாள்.

வசனம் இரண்டையும் எண்ணிப் பார்த்தான். போ என்று சொன்னால் இந்த இரண்டு அறையில் ஒற்றை ஆளாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். போகாதே என்று சொன்னால் காலம் முழுக்க, 'உன்னாலதான் போகலை' என்ற பேச்சு நிற்கும். இரண்டும் வேண்டாம் என்றிருந்தது. பெருமூச்சு ஒன்று தானாக வந்தது.

"இதுல நான் என்ன சொல்ல இருக்கு? போனாலும் சரி, இருந்தாலும் சரி. உன் இஷ்டம்" என்றான்.

அவள் செருப்பைக் கழற்றினாள்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் பல் துலக்கிக்கொண்டே, "போறதுன்னு முடிவு பண்ணிட்டேன்" என்றாள். "ம்... நீ யோசிக்காம எதையும் செய்ய மாட்டே" என்றான். அன்று மாலை வீட்டுக்காரர் மாடிக்கு வந்தார். கையில் ஒரு தாள். "தம்பி, இன்னும் ரெண்டு வருஷம் கட்டாயம் இருக்கறதா எழுதிக் குடுத்தா, சுவர் பூரா வெள்ளையடிச்சுத் தரேன். நடுவுல காலி பண்ணக் கூடாது. இல்லன்னா சொல்லிடுங்க, வேற ஆள் கேக்கறாங்க" என்றார். ஓட்டலில் என்ன சாப்பிடுவது என்று முடிவெடுக்கப் பக்கத்து மேசையைப் பார்க்கிற ஆள் வசனம். அந்தத் தாளைப் படிக்கக்கூட இல்லை. பேனா எங்கிருந்து வந்தது என்று தெரியாது, கையெழுத்துப் போட்டுவிட்டான். அவள் வருவதற்குள் தன் பிரதியைக் கண்ணாடிக் கோப்பையின் அடியில் செருகிவிட்டான். வீடு இங்கேதான் என்று ஆகிவிட்டால், அவள் எப்படி யோசித்தாலும் கடைசியில் இங்கேதானே வந்து நிற்க வேண்டும்? இது என்ன மாதிரியான வேலை என்பது அவனுக்கே தெரியும். பதினைந்து வருஷமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறான்.

புதன்கிழமை அவள், "யோசிச்சுப் பாத்தேன், வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன்" என்றாள். வசனத்துக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. காட்டிக்கொள்ளாமல், "நீ யோசிக்காம எதையும் செய்ய மாட்டே" என்றான். வியாழக்கிழமை காலை அவள், "ரெண்டும் வேண்டாம். வேலையையே விட்டுடலாம்னு இருக்கேன்" என்றாள். சட்டைப் பொத்தான் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "நீ யோசிக்காம எதையும் செய்ய மாட்டே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். நாற்பதில் எந்த இடம் என்ற கவலையில் இருந்தான் பாவம்.

அன்று மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பியபோது அவள் சாப்பாட்டு மேசையின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மேசையில் மூன்று சின்ன பிளாஸ்டிக் டப்பாக்கள். முடிந்த பல்செட்டை மருத்துவருக்கு அனுப்பும் டப்பாக்கள். மூடிகள் நீலம், வெள்ளை, ரோஜா நிறம். பக்கத்தில், கோப்பையின் அடியிலிருந்து எடுத்த வீட்டுக்காரரின் தாள்.

"வீட்டுக்காரர் படியில நிறுத்தினார்" என்றாள். "இன்னும் ரெண்டு வருஷம் இருக்கப் போறீங்களாமே, ரொம்ப சந்தோஷம்னார். என்னிக்குப் போட்டே கையெழுத்து?"

"அது வந்து..."

"என்னிக்கு?"

"செவ்வாய்."

"திங்கட்கிழமை உன் இஷ்டம்னு சொன்னே. எனக்கு ரெண்டு கதவைத் திறந்து காட்டினே. மறுநாளே போய் ரெண்டுக்கும் பின்னால சுவரு வெச்சிட்டு வந்தே."

வசனத்துக்குப் பெருமூச்சு வந்தது, அடக்கிக்கொண்டான்.

"செவ்வாய் போறேன்னு சொன்னேன். புதன் போகலைன்னு சொன்னேன். இன்னிக்கு வேலையையே விடறேன்னு சொன்னேன். சும்மா சொல்லிப் பாத்தேன். மூணுக்கும் நீ என்ன சொன்னே?"

அவனுக்கு இப்போதுதான் உறைத்தது.

"அதே வார்த்தையைப் பேருந்து நிறுத்தத்துலயும் சொன்னே" என்றாள். "நான்தான் அதைச் சரின்னு எடுத்துக்கிட்டேன். பதினோரு வருஷம் கழிச்சு இப்ப கேக்கறேன், அன்னிக்கு நீ சரின்னுதான் சொன்னியா?"

"சத்தியமா சரின்னுதான்..."

"எனக்கு எப்படித் தெரியும்?"

மூன்றுக்குப் பொருந்துகிற பதில் எத்தனையோ எழுதியவனிடம் இந்த ஒன்றுக்குப் பொருந்துகிற பதில் இல்லை.

அவள் டப்பாக்களை அவன் பக்கம் தள்ளினாள். மூடிகளில் மருத்துவர் பெயர் எழுதி ஒட்டும் வெள்ளைத் துண்டுகள். அவளுடைய பொடி எழுத்தில் நீலத்தில் 'போ', வெள்ளையில் 'போகாதே', ரோஜா நிறத்தில் 'உன் இஷ்டம்'.

"ஒண்ணை எடு. எடுத்ததை வாயால சொல்லு. மூணுலயும் வேற வேற வெச்சிருக்கேன். நான் உன்னை மாதிரி இல்ல."

தொழில் தெரிந்தவன் என்பதால் அவனுக்கு ஒன்று புரிந்தது. மூன்றாவது வாக்கியம் எப்போதும் கோழைகளுக்காக எழுதப்படுவது. முடிவெடுக்கப் பயந்தவர்களும் விளையாட்டை நிறுத்தாமல் ஆட வேண்டுமே என்பதற்காக இவனே கண்டுபிடித்து வைத்த இடம். ஆனாலும் கை அங்கேதான் போனது, உடைந்த பல்லுக்கு நாக்குப் போகிற மாதிரி. ரோஜா நிற மூடியின் விளிம்பில் விரல் பட்டது. அப்போது அவள் மேசை மேலிருந்த தன் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கை நடுங்குவதை மறைக்கிறாள். இவன் எழுதிய நாற்பது இடத்தில் ஒரு இடத்திலாவது, கேட்டுவிட்டு நிற்பவனுக்குக் கை நடுங்கியதில்லை. எதைச் சொன்னாலும் ஒன்றுதான் என்று தெரிந்தவனுக்கு எதற்குக் கை நடுங்க வேண்டும்?

விரலை எடுத்துவிட்டான்.

"போகாதே" என்றான்.

"ஏன்?"

அடுத்து என்ன சொல்ல என்று மூன்று வாக்கியம் எங்கும் எழுதியிருக்கவில்லை. "பயமா இருக்கு" என்றான். "தினம் சாயங்காலம் நீ இல்லாத வீட்டைத் திறந்துக்கிட்டு வரணும்னு நினைச்சாலே பயமா இருக்கு. அது ஒரு காரணமே இல்லன்னு தெரியும். உனக்கு எவ்வளவு பெரிய விஷயம்னும் தெரியும். இருந்தாலும் போகாதே."

அவள் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். "பதினோரு வருஷம் கழிச்சு வாயைத் திறந்திருக்கே. அதுவும் தப்பாச் சொல்றதுக்கு."

வெள்ளை மூடியை அவளே திறந்தாள். மடித்த தாள் ஒன்று இருந்தது. 'போகிறேன். ஆனால் வாரா வாரம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் நான் வருவேன், ஒரு வாரம் நீ வர வேண்டும்.'

வசனம் இரண்டு தரம் படித்தான். "போகாதேன்னு சொன்னாலும் போறேன்னுதானா? அப்புறம் எதுக்கு என்னைக் கேட்டே?"

"நீ சொன்னபடி நடக்கறதுக்கா கேட்டேன்? நீ என்ன சொல்றேன்னு எனக்குத் தெரியணும். அதுக்குத்தான் கேட்டேன்."

"அப்ப நானும் உன்கூட வந்துடறேன்."

"எப்படி வருவே? ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கியே. வெள்ளையடிக்க வர்றவனுக்குக் கதவு திறக்க ஆள் வேணாமா?" என்று எழுந்து டீ போடப் போனாள்.

அவளுக்கு வெட்டிய குழியில் தானே விழுந்து கிடந்தான் வசனம். விழுந்தவன் சும்மா கிடக்கவில்லை. மற்றக் கிளைகளில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அவன் எந்த விளையாட்டையும் மூடியதில்லை. தொழில் புத்தி. அடுப்படியில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டதும் நீல மூடியைத் திறந்தான். 'போகிறேன். மாதம் ஒரு முறை வருவேன்.' பார்த்தாயா, இதிலும் போகிறாள் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. எதைத் தொட்டாலும் ரயில் ஒரே பக்கம்தான். நம்மிடமே வித்தையைக் கற்று நம்மிடமே காட்டிவிட்டாள் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ரோஜா நிற மூடியைத் திறந்தான். அதில் தாள் இல்லை. இந்த வீட்டுச் சாவி இருந்தது. அவளுடையது. தலையில் அவள் சுற்றிவைத்த சிவப்பு நூலோடு.

ரோஜாவை எடுத்திருந்தால் அவள் திரும்பி வருவதாகவே இல்லை. அவள் இரண்டு டம்ளரோடு வந்து நின்றாள்.

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

"மூணையுமா?"

"மூணையும்."

அவள் டம்ளர்களை வைத்துவிட்டுப் பையிலிருந்து தன் சாவிக்கொத்தை எடுத்தாள். வளையம் இறுக்கமாக இருந்தது. நகம் நழுவியது. அவன் கொத்தை வாங்கி, தன் கட்டைவிரல் நகத்தால் வளையத்தை விரித்துப் பிடித்தான். அவள் சாவியைக் கோத்தாள். இருவரும் டீயைக் குடித்தார்கள். அவள் சர்க்கரை போட மறந்திருந்தாள். வழக்கமாக அவன் பேசாமல் குடிப்பான். அன்றைக்கு, "சர்க்கரை இல்ல" என்றான்.

வெள்ளிக்கிழமை அக்கா தன் மேசையிலிருந்து தலையைத் தூக்குவதற்குள் போய் நின்றான்.

"தோணிக்காரன்" என்றான். "மூணாவதைச் சொன்னா அவன் ஏத்திக்கக் கூடாது. சரின்னு தலையாட்டிட்டு, தோணியை எடுத்துக்கிட்டுப் போயிடணும். அப்புறம் கதை முடியற வரைக்கும் அவன் வரவே கூடாது."

"ஆடறவங்க என்ன பண்ணுவாங்க?"

"கரையோரமா நடந்து போனா மூணு நாள்ல ஒரு பாலம் வரும்."

"திட்டுவாங்களே."

"திட்டட்டும்."

அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தாள். "திட்டட்டும்னு நீயா சொல்றே? வீட்டுல எல்லாரும் சௌக்கியம்தானே?" என்றாள்.

மனைவி அடுத்த மாதம் போனாள். சுவருக்கு வெள்ளையடித்தார்கள். தினம் சாயங்காலம் கதவைத் திறக்கப் பயமாகத்தான் இருந்தது. நினைத்த அளவுக்கு இல்லை என்று பொய் சொல்ல முடியாது, நினைத்த அளவுக்கே இருந்தது. சனிக்கிழமை வந்தால் யார் ரயில் ஏறுவது என்று சண்டை போட்டார்கள். 'நீ வா', 'முடியாது, போன வாரமும் நான்தானே வந்தேன்' என்று அவன் தொலைபேசியில் கத்துவதைக் கேட்டு வீட்டுக்காரர் கவலைப்பட்டு மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

புதிய பதிப்பு வந்த இரண்டாவது மாதம், ரயிலில் உட்கார்ந்து அலுவலகக் கடிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் ஒன்று ஓய்வு பெற்ற ஓட்டுநருடையது.

'ஐயா, இந்த முறை பழக்கதோஷத்தில் தோணிக்காரனிடம் உன் இஷ்டம் என்றுதான் சொன்னேன். எப்படியும் ஏற்றிக்கொள்வான் என்று தெரியும் அல்லவா. போய்விட்டான். ஒரு இரவு முழுக்கக் கரையில் உட்கார்ந்திருந்தேன். வரவே இல்லை. பிறகு பாலம் வரை நடந்தேன். வழியெல்லாம், அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமே என்று இருந்தது. இந்தக் கிழவனை இப்படி நடக்க வைத்ததற்கு மிக்க நன்றி.'

பதில் போட வேண்டும். 'உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்' என்று விரல் தானாக எழுதியது. அழித்தான். ஜன்னலுக்கு வெளியே இரண்டாவது தண்டவாளம் ஒன்று பிரிந்து போனது. அவள் ஊர் வருவதற்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

'ஐயா, நானும் அதைச் சொல்லத்தான் போனேன்' என்று எழுதினான். 'மயிரிழையில் தப்பினேன்.'